இத்தாலியில் இரண்டு ‘தெரியும்’

“இத்தாலியில ‘தெரியும்’னு சொல்றதுக்கு ரெண்டு வார்த்தைண்ணே. மாத்திச் சொன்னா சிரிக்கிறாங்க.”

நன்னிலத்திலிருந்து திரும்பும் டவுன் பஸ். நின்றே வந்ததில் எனக்குக் கால் கடுத்தது. காது மட்டும் சும்மா இருந்தது. பக்கத்து சீட்டில் அண்ணனும் தம்பியும். தம்பி இத்தாலியில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருக்கிறான். அண்ணன் மடியில் குத்தகைக் கேஸ் கட்டு.

“சேதி, நம்பர் தெரியும்னா சபேரே. ஆளு, இடம் பழகித் தெரியும்னா கொனோஷெரே.”

அண்ணன் மடியிலிருந்த கட்டைத் தட்டினார்.

“எந்த வரப்புல நண்டு வளை போடும், எந்த மூலையில தண்ணி முதல்ல வத்தும்னு எனக்குத் தெரியும். விசாரணையில சர்வே நம்பரைக் கேட்டாங்க. தெரியலன்னேன்.”

“உங்களுது கொனோஷெரே.”

“நிலத்துக்காரர் கடகடன்னு நம்பரைச் சொன்னாரு. தீர்ப்பும் அவருக்கே.”

“அவருது சபேரே.”

“வெளியில வந்ததும் என்கிட்டதான் கேட்டாரு, வயலுக்கு எப்படிப் போறதுன்னு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். மழை பேஞ்சா காரு போகாது, பாலத்துலயே இறங்கி நடந்துடுங்கன்னு.”