ஐந்து ஸ்டுடியோவுக்கு ஒரு கேமரா: ஒளி ஓவியர் ஹபீப் முகமதுக்கு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர் தமிழ்க்குமரன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹபீப் பாயின் துணைவியார் சகோதரி ஆரிபா அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வில்லியனூர் வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே! திருபுவனை ஸ்டுடியோ அருள்முருகன் பேசுகிறேன். உங்களுக்கு வணக்கம். உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது, நின்றால் வெளியே ஓடத் தோன்றுகிறது. ஐந்து நிமிடம் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய மனிதரா நம் பாய்?

மேடையில் அவர் படம் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். படமும் மாலையும் வேண்டாம் என்பது வீட்டார் விருப்பம். அதை மதிப்போம்.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போதே பாகூர் ரோஸ்லின் வழிமறித்துக் கேட்டார். "அண்ணா, நாளைக்கு வியாழக்கெழம. கேமரா வருமா, வராதா? அத மட்டும் சொல்லிடுங்க. வர்ற ஜனத்துக்கு நான் பதில் சொல்லணும்." நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலி தேடுவதுபோல நழுவிவிட்டேன். அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் புரியவேண்டும். முகப்படம் எடுக்க நல்ல டிஜிட்டல் கேமரா வாங்குவதென்றால் எங்களில் தனி ஒருவரால் முடியாது. ஐந்து ஸ்டுடியோக்காரர்களைக் கூட்டி, பொதுவில் ஒன்று வாங்கலாம் என்றவர் ஹபீப் முகமது. ஆளுக்கு ஒரு நாள் முறை. எனக்குத் திங்கள், ரோஸ்லினுக்கு வியாழன். மற்ற எங்கள் நாலு பேரிடமும் அவசரத்துக்கு ஏதோ ஒரு பழைய கேமரா இருக்கிறது. ரோஸ்லினிடம் இருந்ததும் போன மழையில் கெட்டுப்போனது. அந்தப் பெண்ணுக்கு இருப்பது வியாழக்கிழமை மட்டும்தான்.

அந்தக் கேமராவை அவர் தேர்ந்தெடுத்த அழகை நான் சொல்லாமல் யார் சொல்வது? புதுச்சேரிக் கடையில் நாங்களெல்லாம் மெகாபிக்சல் எத்தனை, மெகாபிக்சல் எத்தனை என்று நச்சரித்தோம். கடைக்காரர் பளபளவென்று ஒரு சிவத்த பெண்ணின் படத்தைக் காட்டினார். பாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்துக்கேணியில் கரும்பு வெட்டும் கண்ணையனைக் கையோடு கூட்டிவந்திருந்தார். நல்ல கறுப்பு. வெள்ளைவெளேரென்று சட்டை.

"இன்னா பாய், என் மூஞ்சிய வெச்சா கேமராவ சோதிக்கப்போற?" என்றார் கண்ணையன்.

"உன் மூஞ்சியும் உன் சட்டையும் ஒரே படத்துல ஒயுங்கா வுழுந்திச்சின்னா, ஊர்ல எல்லார் மூஞ்சியும் வுழும்பா. செத்த நேரம் ஆடாம நில்லு."

மூன்று கேமராவில் மூன்று படம். அதைக் கடைத் திரையில் பார்த்து முடிவு செய்யவில்லை. கார்டை வாங்கிவந்து நம் லேபில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்தார். ஒன்றில் சட்டை வெளுத்துத் தையல்கூடத் தெரியவில்லை. இன்னொன்றில் முகம் இருட்டில் போய்விட்டது. மூன்றாவதில் சட்டைப் பொத்தானும் தெரிந்தது, கண்ணையன் கன்னத்துத் தழும்பும் தெரிந்தது. அது கொஞ்சம் பழைய மாடல். அதையே எடுத்தார். மிச்சம் பிடித்ததை லென்ஸில் போட்டார். எண்பத்தைந்து எம்எம், முகம் எடுப்பதற்கென்றே உள்ள லென்ஸ். "கிட்ட போயி எடுத்தா மூக்கு பெருசாயிடும்ணே. ஆறேழு அடி தள்ளி நின்னு, கண்ணுல ஃபோகஸ் வெய்யி." எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஒருவரிடமாவது 'சிரிங்க' என்று சொல்லியிருப்பாரா? "காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்பார். அவர்கள் யோசித்துப் பதில் சொல்லி முடிக்கும் அந்த நொடியில் கிளிக்!

இப்போது என் மானம் போகும் கதை. போகட்டும். வாஸ்து பார்த்த ஒருவர் பச்சை யோகம் என்று சொன்னதை நம்பி, என் ஸ்டுடியோவின் நாலு சுவருக்கும் கிளிப்பச்சை அடித்தேன். அதன் பிறகு எடுத்த முகமெல்லாம் ஒரு தினுசாக வந்தது. ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு பெண் வரன் பார்க்க எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "அண்ணா, மாப்ள வூட்ல எனக்கு மஞ்சக்காமாலையான்னு கேக்குறாங்க." கோபம் தலைக்கேறியது. பாயைப் போனில் கூப்பிட்டு, ஓட்டைக் கேமராவை என் தலையில் கட்டிவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். சங்கத்திலும் போய்க் கத்தினேன்.

அவர் மறுநாளே வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, தன் முகத்தையே எடுக்கச் சொன்னார். பிறகு வாசலில் நின்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "அண்ணே, கேமராவுக்கு ஒரு நோவும் இல்ல. ஒன் செவுத்துக்குத்தான். லைட்டு அங்க பட்டு பச்சையா திரும்பி மூஞ்சில அடிக்கிது பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பெயிண்டோடு அவரே வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அடித்தோம். சங்கத்தில் கேட்டவர்களிடம் 'செட்டிங் மாறிப்போயிருந்துச்சு, சரி பண்ணிட்டோம்' என்று சொல்லிவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை! அங்கே யாரப்பா சிரிப்பது? சிரியுங்கள். நானும்தான் சிரிக்கவேண்டும், முடியவில்லை.

தினமும் காலையில் கேமராப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். மழையென்றால் அவருடைய மழைக்கோட்டு அந்தப் பையைப் போர்த்திக்கொள்ளும். அவர் சொட்டச் சொட்ட வந்து நிற்பார். ஒரு நாள் முறை தவறியதுண்டா? சொல்லுங்கள், ஒரே ஒரு நாள்?

சென்ற வெள்ளிக்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் கூடிப் பேசினோம். இனி யார் தூக்கிச் சுமப்பது, விற்றுவிடலாம் என்றோம். முதலில் வாயைத் திறந்தவன் நான்தான்! மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். ரோஸ்லினை யாரும் கூப்பிடவே இல்லை. இன்னும் கேளுங்கள். இரங்கல் கூட்டத்துக்கு எல்லோரும் வருவோமே, அங்கேயே கைமாற்றிவிடலாம் என்று வாங்குபவரிடம் சொன்னவனும் நான்தான். கேமரா இந்த மேடையில், என் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆரிபா சகோதரி. என்னை மன்னித்துவிடுங்கள்.

என்ன முணுமுணுப்பு? வீரமணி, அன்று தலையாட்டிய மூவரில் நீயும் ஒருவன், உட்காரப்பா. உன் பங்கைப் பற்றிப் பிறகு என்னோடு சண்டை போடு.

கேமராவை வாங்க வந்து, கடைசி வரிசையில் நீலச்சட்டையோடு இருக்கும் விழுப்புரம் அன்புராஜ் தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. அலையவைத்துவிட்டேன். வாசலில் டீ இருக்கிறது, குடித்துவிட்டுப் புறப்படுங்கள். கேமரா விற்பனைக்கு இல்லை.

தோழர்களே! பாயின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். அவர் பணி என்ன? தினமும் விடிந்ததும் அந்தப் பையைத் தூக்கியது. முதல் வாரம் நான் தூக்குகிறேன். அடுத்த வாரத்துக்கு யார் என்று, மண்டபத்தை விட்டுப் போகுமுன் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.

ரோஸ்லின், வாசலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்குப் பாகூரில் இருப்பேன். கடையைத் திறந்து வை அம்மா.