சுவருக்குப் பின்னால் ஒரு காய்

சரண்: இன்னும் எவ்ளோ நேரம் அந்தக் காயையே மொறச்சிப் பாப்பீங்க? ரெண்டும் நாலும் விழுந்து, டைஸே தூங்கிடுச்சு.

அன்பரசி: இருங்க லா... யோசிக்க விடுங்க. மாட்டிக்கிட்டு நிக்கறது உங்க காயா, என் காயா?

சரண்: உங்களோடதுதான். பலகையில என் வீட்டுப் பக்கத்து மூலையில ஒத்தையா நிக்குது, பாவம்.

அன்பரசி: பாவமாம்! அது முன்னாடி வரிசையா அஞ்சு கட்டத்துக்குச் செவரு கட்டினது யாரு? ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு ரெண்டு காயா உக்கார வெச்சிட்டு...

சரண்: ரெண்டு காய் உக்காந்துட்டா அங்க மத்தவங்க கால் வெக்க முடியாது. அதான இந்த பேக்கமன் ஆட்டத்தோட ரூலு? உள்ள சோபாவுல எங்கம்மாவும் அப்பளசாமி மாமாவும் உக்காந்திருக்காங்கள்ல, அந்த மாதிரி.

அன்பரசி: ஐயோ... சிரிக்க வெக்காதீங்க, உள்ள கேக்கும். பொண்ணு பாக்க வந்திருக்காங்க, இவ கெக்கபெக்கன்னு சிரிக்கறான்னு எங்கம்மா...

சரண்: அவங்கதான 'ரெண்டு பேரும் வெளிய போயி மனசு விட்டுப் பேசிட்டு வாங்க'ன்னு அனுப்பினாங்க? பேசறோம்.

அன்பரசி: என்னத்தப் பேசினோம்? உக்காந்ததும் 'எனக்கு இப்ப கல்யாணம் வேணாம், அம்மா தொல்ல தாங்காம ராவாங்லருந்து வந்தேன்'னீங்க.

சரண்: 'எனக்கும்தான் வேணாம்'னீங்க. சட்டுனு. மூச்சுகூட விடல.

அன்பரசி: பின்ன? நீங்க அப்படிச் சொன்னப்புறம் நான் என்ன, அழணுமா?

சரண்: சரி, விடுங்க. அப்புறம்தான இந்த பேக்கமன் பெட்டியப் பாத்தேன். பந்தயம் ஞாபகம் இருக்குல்ல?

அன்பரசி: இருக்கு, இருக்கு. தோத்தவங்க உள்ள போயி எல்லார் முன்னாடியும் 'வேணாம்'னு சொல்லணும். ஜெயிச்சவங்க ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கலாம்.

சரண்: திட்டு மொத்தமும் தோத்தவங்களுக்கு. மாமா வேற ஜெராம் கடலோரக் கடையில விருந்துக்கு டேபிள் புக் பண்ணிட்டாரு. நண்டு சொல்லியாச்சாம்.

அன்பரசி: அலாமா! அதுக்குள்ள நண்டா?

சரண்: அதான் சொல்றேன்... அந்த ரெண்ட வெச்சு மூலையில இருக்கற காய நகத்துங்க. செவர ஒட்டி, வாசல்ல வந்து நில்லுங்க. அப்புறம் ஒரு ஆறு விழுந்தாப் போதும், ஒரே தாவு. மூலையிலயே நின்னா ஆறு விழுந்தாலும் செவத்துலதான் முட்டணும்.

அன்பரசி: வாசல்ல ஒத்தையா நின்னா நீங்க அடிச்சிடுவீங்க.

சரண்: அடிச்சா மறுபடி மொதல்லருந்து வரணும், அவ்ளோதான? இப்பப் போகலன்னா நான் ஆறாவது கட்டத்தையும் மூடிடுவேன். அப்புறம் எந்த நம்பர் விழுந்தாலும் தாண்ட முடியாது. போறதா இருந்தா இப்பவே போகணும்.

அன்பரசி: எதிராளி மேல எதுக்கு இவ்ளோ அக்கற?

சரண்: ...நியாயமா ஆடறவன் நான்.

அன்பரசி: நான் போகல. ரெண்டு, நாலு... ரெண்டையும் இந்தப் பக்கம் வெச்சிட்டேன். உங்க ஆட்டம்.

சரண்: என்ன லா இது! வேல பாக்கற கிளினிக்குல, லஞ்ச் டைம்ல, டாக்டரையே இந்த ஆட்டத்துல ஓட விட்டேன்னு சொன்ன ஆளு நீங்கதானா?

அன்பரசி: வாய மூடிட்டு டைஸ போடுங்க. கேசரித் தட்ட மொதல்ல பலகையிலருந்து எடுங்க.

சரண்: நாலு... ஒண்ணு.

அன்பரசி: போச்சு! அந்தக் காய நாலு நகத்தி, இந்தக் காய ஒண்ணு நகத்தினா ஆறாவது கட்டம் மூடிடும். நான் செத்தேன். மூடுங்க, மூடுங்க.

சரண்: தோக்கப் போறவங்களுக்கு எதுக்கு இவ்ளோ சந்தோஷம்?

அன்பரசி: யாருக்கு சந்தோஷம்? மூடுங்க லா.

சரண்: இருங்க... நான் வேற மாதிரி யோசிக்கறேன்.

அன்பரசி: ஏய், ஏய்! செவத்துக் கடைசியிலருந்து ரெண்டையும் உருவறீங்களே!

சரண்: உருவிட்டேன்.

அன்பரசி: கட்டின செவர யாராவது தானே இடிப்பாங்களா? அஞ்சு போயி நாலாயிடுச்சு!

சரண்: காத்து வரட்டுமேன்னு.

அன்பரசி: போன்ல ஆடி எல்லாரையும் ஜெயிச்சேன்னு பீத்திக்கிட்டீங்க?

சரண்: போன்ல எதுத்தாப்புல நீங்க உக்காந்திருக்கலயே.

அன்பரசி: ஆங்?

சரண்: டைஸ். உங்க ஆட்டம்.

அன்பரசி: இப்ப என்ன சொன்னீங்க?

சரண்: டைஸ்னு சொன்னேன்.

அன்பரசி: ம்... ஒண்ணு கேக்கறேன். உள்ள போயி வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் நம்ம பாத்துக்கவே போறதில்ல, இல்ல?

சரண்: எப்படிப் பாக்கறது? நான் ராவாங். நீங்க புக்கிட் பெலிம்பிங்.

அன்பரசி: இன்னொரு ஆட்டம்கூட ஆட முடியாது.

சரண்: முடியாது... டைஸ போடுங்க.

அன்பரசி: ரெண்டு. ஆறு.

சரண்: ஆஹா! ரெண்டுல வாசலுக்கு, ஆறுல வெளிய! ஜெயிச்சீங்க லா, ஓடுங்க!

அன்பரசி: ரெண்டு... வாசலுக்கு வந்துட்டேன்.

சரண்: ஆறு?

அன்பரசி: ஆறு... அந்தப் பக்கம் சும்மா இருக்கற காய்க்கு.

சரண்: ஐயோ! ஒரு எட்டு வெச்சா வெளிய! ஏன் வாசல்லயே நிக்கறீங்க?

அன்பரசி: இங்கதான் காத்து நல்லா வருது.

சரண்: அது நான் சொன்னது!

அன்பரசி: போடுங்க, போடுங்க... மூணு, ஒண்ணு! ரெண்டு காயாலயும் என்ன அடிக்கலாம். அடிங்க.

சரண்: மாட்டேன்.

அன்பரசி: நியாயமா ஆடறவன்னீங்க? அடிங்க.

சரண்: கை வலிக்குது.

அன்பரசி: அடி லா!

சரண்: 'ங்க' எங்க போச்சு?

அன்பரசி: அடிச்சாத்தான் 'ங்க' வரும்.

சரண்: பொறுங்க... நான் இவ்ளோ கஷ்டப்பட்டுத் தோக்கப் பாத்தா, நீங்க குறுக்க வந்து...

அன்பரசி: நீங்க எதுக்குத் தோக்கணும்?

சரண்: நீங்க எதுக்குத் தோக்கணும்?

அன்பரசி: நான்தான் மொதல்ல கேட்டேன்.

சந்திரிகா: அன்பு! என்னடி அங்க சத்தம்? டீ ஆறிப்போச்சு, பேசி முடிச்சாச்சா இல்லையா?

அன்பரசி: இன்னும் கொஞ்ச நேரம்மா!

சரண்: முடிச்சாச்சு ஆண்ட்டி! நான் தோத்துட்டேன்!

அன்பரசி: பொய்ம்மா! நான்தான் தோத்தேன்!

சரண்: இதோ, பலகைய மூடிட்டேன். பாதியில மூடினவன் தோத்தவன். ரூலு.

அன்பரசி: எந்த ஊரு ரூலு? தள்ளுங்க, நான் உள்ள போகணும்.

சரண்: நான்தான் போவேன்!

சந்திரிகா: அடடா, வாசப்படியில நின்னு ஏன் முட்டிக்கறீங்க? எல்லாரும் பாக்கறாங்கடி! வெளையாட்டுல தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன?

அன்பரசி: அம்மா... தோத்தவங்க வந்து இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லணும். அதான் பந்தயம்.

சந்திரிகா: அடிப்பாவி! அதுக்கா ரெண்டு பேரும் அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றீங்க? அவ்ளோ புடிக்கலயா?

அன்பரசி: இல்லம்மா... அவரு தோத்தா அவரு வந்து சொல்லிடுவாரு. நான் தோத்தா... சொல்லாம விட்டுடலாம்ல?

சந்திரிகா: தம்பி, இவ என்ன சொல்றா? எனக்கு ஒண்ணும் புரியல.

சரண்: நானும் அதுக்குத்தான் செவர இடிச்சேன், அத்தை.