பெங்காலி தாது

வங்காளத்தில், டாக்குரியாவிலிருந்து கிடர்பூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளைஞனும் அவன் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, தமிழ்லயே பேசு. இங்க யாருக்கும் புரியாது."

"அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இன்னிக்கே வாங்கணுமாடா? சத்தமே பயமா இருக்கு."

"இன்ஜினை மாத்தி வேகம் ஏத்தியிருக்காங்க. அதுக்குத்தானே வாங்கறேன்!"

"இன்சூரன்ஸ் ஃபார்ம்ல அதை எழுதினியா?"

"எழுதினா பிரீமியம் ஏறும். ஏஜென்டே விட்டுடச் சொன்னார். யார் பார்க்கப் போறா?"

"மூணு வருஷமா வாயைக் கட்டிச் சேர்த்த காசுடா. எங்கயாவது மோதிட்டா?"

"மோதினா இன்சூரன்ஸ் குடுக்கும். நீ அபசகுனமா பேசாதே."

"மெதுவா. பின்னாடி தாத்தா நம்மளையே பார்க்கறார்."

"தாத்தா இல்ல, பெங்காலி தாது. விடு. அவருக்கு என்ன தெரியும்?"

நானும் தமிழன்தான்; முப்பது வருடம் இந்த ஊர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று எழுதி எத்தனையோ பேருக்கு இழப்பீட்டை மறுத்திருக்கிறேன். ஒரு தமிழர், வண்டியோடு மகனையும் இழந்தவர், "முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார். அது என் வேலை இல்லை என்றேன்.

இன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு நேரம் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

கிடர்பூர் வந்தது. அந்தப் பையன் என் கையைப் பிடித்து, "ஆஸ்தே, தாது" என்று வங்காள மொழியில் மெதுவாக இறங்கச் சொல்லி, பத்திரமாக இறக்கிவிட்டான்.

நானும் வங்காள மொழியிலேயே நன்றி சொன்னேன்.