பெட்டி யாருது

எனக்கு எழுத்துதான் தெரியாது, காது பாம்புக்காது. சண்டைக் காலம். கண்டியிலேருந்து தெல்தெனிய போற பஸ்ல, மடியில வல்லாரைக் கட்டோட உக்காந்திருக்கேன். வல்லாரை அன்னைக்குப் பச்சப்பசேல்னு இருந்துச்சு. செக் பொயிண்ட்ல ஏறின ஆமிக்காரன் எறங்கினதும் பஸ் கெளம்புச்சு. முன்சீட்டுல கம்ப்யூட்டர் பெட்டிய மடியில வச்சிருந்த எளந்தாரி, பக்கத்துல இருந்த கூட்டாளிய கேட்டான்:

"பெட்டி யாருதுன்னு ஆமிக்காரன் கேட்டப்ப, என்னையத் தெரியாதவன் மாதிரி ஏன்டா வெளிய பாத்த?"

"பயந்துட்டேன் மச்சான்."

"உள்ள இருக்கிறது நீ பாடுன பாட்டுடா. அது திக்காம ஓடணும்னுதான கண்டிக்குத் தூக்கிட்டுப் போயி புது மெமரி போட்டுட்டு வர்றோம்?"

பெட்டிய வச்சிருந்தவன் விடல:

"மிச்சத்தையும் நாளைக்கு வந்து பாடுவியா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா பாட?"

"பாட்டுல மூஞ்சி தெரியாதுடா. வா."