கோடு போட வந்தவள்

டீச்சர்: …கதவுல காதை வைக்காதீங்க மாஸ்டர். டாக்டர் திறந்தாருன்னா மூக்கு உடையும்.

மாஸ்டர்: மத்த பிள்ளைங்களை எல்லாம் சட்டுசட்டுனு பாத்து அனுப்பிட்டாரு. பூனைக்குட்டி மாதிரி இருக்கற நம்ம பொண்ணை மட்டும் உள்ளயே வச்சிருக்காரே…

டீச்சர்: கடைசிப் பிள்ளை. நிதானமாப் பாப்பாரு. வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வர்ற டாக்டர்… அதுக்கு நீங்க ஏன் இப்படித் தவிக்கிறீங்க?

மாஸ்டர்: நானா? சேச்சே! நீங்கதான் அந்தப் பை வாரை முறுக்கி முறுக்கிக் கயிறாவே ஆக்கிட்டீங்க.

டீச்சர்: நான் அவ கிளாஸ் டீச்சர். கவலை இருக்காதா? நெஞ்சுல ஓட்டையோட பிறந்த பிள்ளை.

மாஸ்டர்: அதான் தானாவே மூடிருச்சுன்னு சொன்னீங்களே.

டீச்சர்: மூடிருச்சு… ஆனாலும் விளையாட்டு பீரியட்ல ஓட விடாதீங்க, நிழல்ல உக்கார வைங்கன்னும் சொன்னேன்ல? நீங்களும் தலையை ஆட்டினீங்க.

மாஸ்டர்: ஆட்டினேன்.

டீச்சர்: உக்கார வச்சீங்கல்ல?

மாஸ்டர்: …மழை வர்ற மாதிரி இருக்கு, இல்ல?

டீச்சர்: மாஸ்டர்!

மாஸ்டர்: உக்காரத்தான் வச்சேன் டீச்சர். முதல்ல…

டீச்சர்: முதல்லன்னா…?

டாக்டர்: இந்தப் பொண்ணோட டீச்சர் யாரு?

டீச்சர்: நான்தான்… சொல்லுங்க டாக்டர். எதுவா இருந்தாலும்…

டாக்டர்: முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? உங்களைத்தான் முதல்ல பாத்திருக்கணும் போல. பிள்ளை அருமையா இருக்கா. ஸ்டூல்ல ஏறி இறங்கச் சொன்னேன், நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தலை. மூச்சும் நாடியும் உடனே அடங்கிருச்சு. நெஞ்சுல வேற சத்தமே இல்ல.

டீச்சர்: இல்லையா…? நல்லாப் பாத்தீங்களா?

டாக்டர்: ரெண்டு தடவை. பழைய ரிப்போர்ட்ல மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்னு இருந்துச்சு. அது நெஞ்சோட கோளாறு இல்லம்மா. ஓடிப் பழகாத உடம்பு, அவ்வளவுதான். இப்ப நல்லா ஓடிப் பழகியிருக்கா. யாரு பழக்கினது?

மாஸ்டர்: அது வந்து… டாக்டர்…

டாக்டர்: யாரா இருந்தாலும் நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. அவங்க வீட்டுலயும் சொல்லிடுங்க. கண்ணை மட்டும் பாத்துட்டு அனுப்பறேன்.

டீச்சர்: …சொல்லிடறேன்.

மாஸ்டர்: அப்பாடா! எனக்கு இப்பத்தான் உசுரே வருது. டீச்சர்… அழறீங்களா?

டீச்சர்: தூசி.

மாஸ்டர்: இந்தாங்க, கர்ச்சீப். சுண்ணாம்பு வாசனை அடிக்கும்…

டீச்சர்: பரவாயில்ல. 'முதல்ல'ன்னு இழுத்தீங்களே, மீதியைச் சொல்லுங்க.

மாஸ்டர்: திட்டக் கூடாது.

டீச்சர்: கேட்டுட்டு முடிவு பண்றேன்.

மாஸ்டர்: முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. மத்ததுங்க ஓடறப்ப, இவ பாதம் ரெண்டும் உக்காந்த இடத்துலயே தாளம் போடும். என்னால பாக்க முடியல டீச்சர். 'மைதானத்துல கோடு போடணும், சுண்ணாம்பு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வரியா'ன்னு கேட்டேன். கோடு போடறது ஓட்டம் இல்லையே!

டீச்சர்: ஆகா… என்ன ஒரு சாமர்த்தியம்!

மாஸ்டர்: ஒரு சுத்து முடிச்சுட்டு, 'இன்னும் கோடு இருக்கா மாஸ்டர்'னு நிமிர்ந்து பாத்தா. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. அவ திரும்பின நேரம் பாத்து, போட்ட கோட்டை நானே காலால தேய்ச்சேன். 'அடடா, அழிஞ்சுபோச்சேம்மா'ன்னேன்.

டீச்சர்: பச்சப் பிள்ளைகிட்டப் பொய்!

மாஸ்டர்: வாரா வாரம் அதே பொய். நடை வேகமாச்சு… ஒரு நாள் டப்பாவை என் கையில குடுத்துட்டு ஓடியே போயிட்டா. நான் பின்னாடியே ஓடினேன், அவ மூச்சையே கேட்டுக்கிட்டு. அவ மூச்சைக் கொஞ்சம் இழுத்து விட்டாக்கூட விசிலை வாய்கிட்டக் கொண்டு போயிடுவேன். ஆனா நிக்கச் சொல்ல மனசு வரலை.

டீச்சர்: தெரியும்.

மாஸ்டர்: என்னது… தெரியுமா?

டீச்சர்: மாடி ஜன்னல்ல நின்னு பாத்தேன். நீங்க கூத்தாடற மாதிரி கோடு அழிக்கிறதையும் பாத்தேன். அவ ஓடின அன்னிக்கு, உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடணும்னு படி வரைக்கும் வந்துட்டேன்.

மாஸ்டர்: ஐயய்யோ! அப்புறம் ஏன் வரலை?

டீச்சர்: அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. பேசாம ஜன்னலுக்கே திரும்பிட்டேன்.

மாஸ்டர்: அட! அதனாலதான் என் பீரியடைக் கடன் கேட்டு வர்றதை விட்டுட்டீங்களா? 'கணக்குப் பாடம் முடியலை மாஸ்டர், இன்னிக்கு ஒரே ஒரு நாள்'னு எப்பப் பாத்தாலும் வந்து நிப்பீங்களே. பாடம் முடிஞ்சிருச்சாக்கும்னு நினைச்சேன்.

டீச்சர்: எங்க முடிஞ்சுது? பெருக்கல் இன்னும் பாதியில நிக்குது. ஆனா ஓடிட்டு வர்ற பிள்ளைங்க சொன்னதும் பிடிச்சுக்குதுங்க. இவளையே பாருங்க, மதியம் ஆனா மேசையில தலை சாய்ச்சுக்குவா. இப்ப கூப்பிடறதுக்கு முன்னாடியே கரும்பலகைக்கு வந்துடறா. டப்பா சாப்பாட்டுல ஒரு பருக்கை மிச்சம் இல்ல. ராத்திரியும் புரண்டு புரண்டு படுக்காம, படுத்ததும் தூங்கிப் போயிடறா…

மாஸ்டர்: ராத்திரி தூங்கறதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: …அவங்க அம்மா சொன்னாங்க.

மாஸ்டர்: இந்த வருஷம் அவ இங்க சேந்ததுல இருந்து அந்தம்மாவை நான் பாத்ததே இல்ல. அவங்க அப்பாதான் வாசல்ல விட்டுட்டுப் போறாரு.

டீச்சர்: அவங்க ரொம்பப் பயந்த சுபாவம். ஓடலாம்னு அவங்க டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. இவங்களுக்குத்தான் துணிச்சல் வரலை. பிறந்த அன்னிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்த பிள்ளையே இன்னும் கண்ணுல நிக்குது… அவங்களுக்கு.

மாஸ்டர்: பாவம். அவங்களைக் கேக்காம ஓட விட்டது என் தப்புதான். நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். 'ஒரு நாள் மைதானத்துக்கு வந்து, உங்க பிள்ளை ஓடறதைக் கிட்ட நின்னு பாருங்கம்மா'ன்னு சொல்லணும். வருவாங்களா டீச்சர்… இல்ல, என்னைத் திட்டிட்டுப் போயிடுவாங்களா?

டீச்சர்: வருவாங்க. டீச்சர் பிள்ளைன்னு யாரும் சலுகை காட்டிடக் கூடாதுன்னு, 'பள்ளிக்கூடத்துல என்னை அம்மான்னு கூப்பிடாதே'ன்னு மககிட்டச் சொல்லி வச்சவங்க… இவ்வளவு நேரமும் உங்க கர்ச்சீப்பை நனைச்சுக்கிட்டு உங்க எதிர்லதான் நிக்கிறாங்க மாஸ்டர்.