வியன்னாவில் பதின்மூன்று நாள்

வியன்னாவில் மே மாதத்திலும் குளிரும், ஸ்வெற்றர் கொண்டுபோங்கோ என்று பலர் சொன்னார்கள். எங்களுக்குக் குளிரவில்லை. அந்தப் பதின்மூன்று நாளும் நான் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

என்னைப் பொய்யன் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள். வியன்னாவிலிருந்து நான் எழுதிய பன்னிரண்டு கடிதங்களில் ஒரு தகவல் பிழையைக்கூட எவராலும் காட்ட முடியாது. நாங்கள் அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் சண்முகநாதன். டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் கட்டிடத்து மூத்தோர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். இங்கே யாருக்குக் கடவுச்சீட்டுப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நாங்கள் ஐரோப்பா போகிறோம் என்றதும் சங்கம் பிரியாவிடை விருந்து வைத்துப் பொன்னாடை போர்த்தியது. ஐரோப்பிய நாகரிகம் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். இரண்டு பேர் நித்திரையானார்கள்; மற்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் விமான நிலையத்தில் கவுண்டரில் நின்ற பெண் என் கடவுச்சீட்டை இரண்டுதரம் புரட்டிப் பார்த்தாள். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டுமாம். என்னுடையதில் மிச்சம் இருந்தது ஐந்து கிழமை.

என் மனைவி மங்கையற்கரசி நல்ல பெண். "வீட்டை போவம். பாஸ்போட்டிலை பிழை எண்டு சொல்லுவம். ரெண்டு நாளைக்குச் சிரிப்பினம், பிறகு மறந்துபோவினம்" என்றாள்.

சிரிப்பினம் என்பதை அவள் அவ்வளவு இலகுவாகச் சொன்னாள்.

டாக்ஸி பிடித்து, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தால் புகுந்து, எவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். அன்றிலிருந்து வியன்னா.

அங்கே எங்கள் வாழ்க்கை எளிமையானது. தாளிதம் செய்தால் மணம் தாழ்வாரத்துக்குப் போகும் என்பதால் ஐரோப்பியர்போலப் பாணும் சீஸும் தின்றோம். குசுகுசுத்தே பேசினோம். திருமணமாகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இவ்வளவு மென்மையாகப் பேசிக்கொண்டதில்லை. நாளுக்கொரு இடமாக வீடியோக்களில் சுற்றிப் பார்த்தோம். மங்கைக்கு அந்த மஞ்சள் அரண்மனை பிடித்திருந்தது. நான் குறிப்பெடுத்து, ஆறு மணித்தியால வித்தியாசம் பார்த்து, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கடிதம் போட்டேன். முகம் காட்டிப் படம் போடுவது அற்பத்தனம் என்று விருந்திலேயே சொல்லியிருந்தேன். அது நல்லதாய்ப் போயிற்று.

கடிதங்களை அதிகம் ரசித்தவர் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணம் அண்ணை. மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். மகள் அட்சயா கல்கரியில். அவருடைய வீட்டுக் கதவுத் திறப்பின் இன்னொரு பிரதி எங்களிடம்தான் இருந்தது. அவருக்கு ஏதும் நடந்தால் முதலில் கூப்பிட வேண்டிய ஆட்கள் நாங்கள். மூன்றாம் கடிதத்துக்கு அவர் குரல் பதிவு அனுப்பினார்: "சண்முகம், நீர் எழுதிறதை வாசிக்க நானே அங்கை நிக்கிற மாதிரிக் கிடக்கு." அதை நாங்கள் இரண்டுதரம் கேட்டோம். பேசும்போது சுவரினூடாக ஒருதரம், பிறகு தொலைபேசியில்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய குளியலறையில் ஏதோ பெரிதாக விழுந்தது. அவருடைய குளியலறைக்கும் எங்களுடையதற்கும் ஒரே சுவர். சற்று நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் தட்டியதை இப்போது யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது.

"இஞ்சேருங்கோ, அண்ணை விழுந்திட்டார் போல. திறப்பு எங்களிட்டைத்தானே கிடக்கு" என்றாள் மங்கை.

"நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "வியன்னாவிலை."

"பிறகென்ன?"

"அப்ப 911-க்கு எண்டாலும் அடிப்பம்."

"அவங்கள் முதல் கேக்கிறதே எங்கையிருந்து கதைக்கிறியள் எண்டுதான்."

அவள் நியாயத்தை ஏற்றுக்கொள்ளும் பெண். குளியலறை வாசலில் நிலத்தில் இருந்துவிட்டாள். பிற்பகல் ஒன்பதாம் கடிதத்தைப் போட்டேன், அரண்மனைத் தோட்டம் பற்றியது. வழக்கமாகக் கடிதத்துக்குக் கீழே விழும் முதல் பெருவிரல் குறி அண்ணையுடையதாக இருக்கும். அன்று இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

புதன்கிழமை தட்டுவது மெலிந்தது. இடையிடையே குரலும் வந்தது. சொற்கள் விளங்கவில்லை, என் பெயர் மட்டும் ஒருதரம் விளங்கியது. மங்கை அழத் தொடங்கினாள். அழுகை வெளியே கேட்டுவிடும் என்பதால், அந்த நகரத்து வால்ஸ் இசையைப் போட்டு, இயர்போனில் ஒன்றை அவள் காதிலும் மற்றதை என் காதிலும் வைத்தேன். ஒரு காதுதான் அடைபடும் என்பதை யோசிக்கவில்லை.

அன்று மாலை அட்சயா வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"அங்கிள், சொறி, ட்ரிப்புக்குள்ளை டிஸ்ரேப் பண்ணுறன். அப்பா நேற்றிலையிருந்து ஃபோன் எடுக்கேல்லை. எங்கடை கீயை ஆரிட்டையாவது குடுத்திட்டுப் போனீங்களோ?"

திறப்பு எனக்கு முன்னால், எங்கள் கதவோரத்து ஆணியில் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும்.

"ஐயோ மகள், அது எங்கடை பாக்கோடை இஞ்சை வந்திட்டுது. அப்பா சார்ஜ் போட மறந்திருப்பார். பயப்பிடாதையும். நாளைக்கும் எடுக்காட்டிப் பாப்பம்."

"ஓகே அங்கிள். யூ கைஸ் என்ஜோய்."

கலங்கி நிற்கும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது பெரியவர்களின் கடமை என்றுதான் அப்போது நினைத்தேன்.

வியாழன் மதியம் அவள் கல்கரியிலிருந்து பொலிசுக்கு அறிவித்தாள்; அவர்கள் வந்து கதவைத் திறப்பித்தார்கள். ஸ்ட்ரெச்சர் போவதைக் கதவுத் துளையால் நான் பார்த்தேன். முகத்தையும் மூடியிருந்தார்கள். குழுவில் செய்தி வரும்வரை பொறுத்திருந்து, ‘வியன்னாவிலிருந்து கண்ணீருடன்’ என்று இரங்கல் எழுதினேன். நூற்றுப்பதினொரு பேர் கைகூப்பினார்கள். அந்தக் கண்ணீர் மெய்யானது. அதை நீங்கள் நம்பலாம்.

ஞாயிறு இறுதிக்கிரியை. பயணத்தை இடையில் முறித்துக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிட்டோம். அதாவது, பெட்டிகளை இழுத்துக்கொண்டு தரிப்பிடத்தால் இறங்கி முன்வாசலால் ஏறினோம். அயலவருக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று சனம் நெகிழ்ந்தது.

அட்சயா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டொக்டர் சொன்னவர், அப்பா புதன் நைற் வரைக்கும் இருந்திருக்கிறாராம். நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தா அப்பா தப்பியிருப்பார், அங்கிள்."

"ஓம் மகள்" என்றேன். அந்த மாதம் முழுவதும் நான் சொன்ன சொற்களில் அதைவிட உண்மையானது வேறில்லை.

மங்கை இப்போது அதிகம் பேசுவதில்லை. கதவு தட்டினால் ஓடிப்போய்த் திறக்கிறாள். யாரும் தட்டாதபோதும் போய்த் திறக்கிறாள்.

கடிதங்களைப் புத்தகமாக்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. செல்வரட்ணம் அண்ணைக்குச் சமர்ப்பணம் என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னேன். அதைக் கேட்டு மங்கை வாய் திறந்தாள்: "எங்களாலை செத்தவர் எண்டும் போடுவியளோ?" சமர்ப்பணத்தில் அப்படிப் போடும் வழக்கம் இல்லை என்று விளக்கினேன்.

நீங்கள் நினைப்பதும் அதுதான் என்று தெரியும். காது கேட்டது. திறப்பு இருந்தது. அவர் என் பெயரைச் சொன்னார். நான் போகவில்லை. நித்திரை வராத நேரங்களில் இதற்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு மனிதனை எடைபோட முடியாது. என்னிடம் நேர்மை இல்லையென்றால் இதை ஏன் இப்படி உட்கார்ந்து எழுத வேண்டும்?

புத்தக வெளியீடு ஒக்டோபரில். புதுக் கடவுச்சீட்டு எடுத்து, செப்டம்பரில் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். எழுதிய இடங்களையெல்லாம் எழுதிய வரிசையிலேயே பார்க்கப்போகிறோம். பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கடிதங்களில் பொய் என்று எதுவும் மிஞ்சாது. திகதிகள் மட்டும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.