போலா சாப்பிட்ட சனிக்கிழமை

உறைந்த எலியை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தவறைச் செய்கிறார்கள். எலியின் வயிறு வெடித்துவிடும். முந்தின நாளே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஒரு பையில் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் போதும். இதெல்லாம் எனக்கு வெர்னா சொல்லிக்கொடுத்தது. அவளைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்டதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் மெர்வின் யான்ச்சீஸ், தென்னாப்பிரிக்க ரயில்வேயில், டி ஆர் ஊர்ப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். போன நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: எதையும் தண்ணீராகக் கொடுக்கக் கூடாது, கரண்டியைச் சாய்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று. அதற்கு ஒரு மாவும் கொடுத்தாள். நான் பள்ளி விடுதியில் சலவை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே விட்டுவிட்டேன். காலையில் சோளக்கஞ்சி, மதியம் சூப், சாயங்காலம் மசித்த பூசணி. எல்லாம் என் கையால்தான். மற்றவர்கள் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். எனக்கு மட்டும் திறப்பார். அந்த நாட்கள் கஷ்டமான நாட்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜனவரியில் எங்கள் மகன் லெஸ்டர் வால்விஸ் பே துறைமுகம் போய் மீன்பிடிக் கப்பலில் ஏறினான். போகும்போது தன் பாம்பை எங்களிடம் விட்டுப் போனான். மலைப்பாம்புதான், ஆனால் குட்டையான ஜாதி. பயந்தால் உருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். எங்கள் பேச்சில் கொண்டைக்குப் போலா என்போம், அந்த மாதிரி இருக்கிறது என்று அதையே பெயராக வைத்திருந்தான். அவன் அதற்கு உயிருள்ள எலியைத்தான் போட்டுப் பழக்கியிருந்தான். எங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதோ ஒரு பை உறைந்த எலி. பாம்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் பட்டினி. மெர்வின் நாற்காலியைக் கண்ணாடித் தொட்டியின் பக்கமாகப் போடச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெர்னா ஃபோர்ட்டூயின் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். கிம்பர்லியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் பன்னிரண்டு வருடம் கூண்டு கழுவியவள். அவளைக் கூப்பிட்டது நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்து தொட்டிமேல் ஒரு துணியைப் போர்த்தினாள். உள்ளே தலை மட்டும் நுழையும்படி ஓட்டை வைத்த ஷூப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். எலியை வெந்நீரிலிருந்து எடுத்து, துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் அதன் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கினாள்.

"அக்கா, இது பிடிவாதம் இல்ல. செத்ததும் சாப்பாடுதான்னு இதுக்குத் தெரியாது. சூடு இருந்தாத்தான் உயிர்னு நம்பும்" என்றாள்.

"என் கதையும் அதுதான்" என்றார் மெர்வின். "சூடு இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் உர்சி ஊட்டுறா."

அவர் நகைச்சுவையாகப் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. வெர்னா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்குப் பாம்பு சாப்பிடவில்லை. அடுத்த ஐந்து சனிக்கிழமையும் சாப்பிடவில்லை. ஆனால் சனிக்கிழமை என்றால் மெர்வின் காலையிலேயே முகம் மழிக்கச் சொல்வார். நீலச் சட்டையைக் கேட்பார். லெஸ்டர் விட்டுப்போன பழைய நோட்டு ஒன்றில் இடது கையால் எழுதப் பழகினார். எழுத்தெல்லாம் கோழி கிளறியது மாதிரி இருக்கும். 'வெர்னா வந்தாள். எலியின் மூக்கைக் கீறி வைத்தாள். சாப்பிடவில்லை.' 'வெர்னா வந்தாள். எலியை உயிருள்ள எலிகளின் கூண்டு வைக்கோலில் தேய்த்தாள். முகர்ந்தது. சாப்பிடவில்லை.' நான் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். என் பெயர் அதில் எங்குமே இல்லை.

ஏழாவது சனிக்கிழமை, ஏப்ரலில், அது சாப்பிட்டது. வெர்னா நீண்ட இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து, பெட்டி ஓட்டைக்கு நேராக அசையாமல் வைத்திருந்தாள். பிறகு ஒரே ஒரு தடவை, பயந்த எலி சிலிர்ப்பதுபோல ஆட்டினாள். பாம்பு பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. செத்த எலியை இன்னொரு தடவை கொன்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வால் உள்ளே போனதும் மெர்வின் என் பக்கம் திரும்பி, "உர்சி, கரண்டியக் குடு" என்றார்.

நான் பூசணியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் இடது கையால் கரண்டியை வாங்கித் தானே சாப்பிட்டார். பாதி சட்டையில் விழுந்தது. மீதியை விழுங்கிவிட்டு வெர்னாவைப் பார்த்து, "நீ வந்துதான் எங்க ரெண்டு பேருக்கும் வாய் திறந்துச்சு" என்றார்.

ஐந்து மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கணக்கு உங்களுக்கே தெரியும். சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் ஒரு வேலையை ஒருத்திதான் செய்ய முடியும், அவ்வளவுதான்.

எங்கள் கோழிக்கூண்டில் எலி நிறைய. மே முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, மெர்வின் மதியம் தூங்கும்போது, பொறியில் சிக்கிய எலி ஒன்றை உயிரோடு தொட்டியில் விட்டேன். போலா என்னிடம் தயங்கவே இல்லை. துணி வேண்டாம், பெட்டி வேண்டாம், சூடாக்கும் கருவி வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் கொடுத்தேன். சனிக்கிழமை வெர்னா இடுக்கியை நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் கழிவை நான் விடிந்ததும் துடைத்துவிடுவேன்.

அவளுக்கு அலுத்துப்போய் வராமல் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் புதன்கிழமையும் வர ஆரம்பித்தாள். ஜூன் வந்தால் குளிர்காலம், அதனால்தான் மந்தமாக இருக்கிறது, விடக் கூடாது என்றாள். மெர்வினும் விடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்து பார்த்தார். தட்டில் பாதி இப்போதெல்லாம் சட்டையில் விழுவதில்லை.

அதனால் சூப்பில் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தேன்.

ஆமாம், ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது நினைவிருந்தது. கொஞ்சம்தான் சேர்த்தேன். அவர் தானே சாப்பிடும்போது புரையேறியது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் முதுகைத் தடவி, வாயைத் துடைத்துவிட்டு, பழையபடி கெட்டியாகக் கரைத்து ஊட்டினேன். நன்றாக இறங்கியது. இப்படி நாலைந்து தடவை நடந்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. கரண்டியை நீட்டினால் கையை மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

ஜூனில் வெர்னா சமையல் தராசில் பாம்பை நிறுத்துப் பார்த்தாள்.

"ஏழு வாரமா ஒண்ணும் திங்கல. எடை கூடியிருக்கு."

மெர்வின், அது காற்றைக் குடித்து வாழ்கிறது போல என்றார். வெர்னா சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, மூலையில் நான் கவனிக்காமல் விட்ட காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தாள். அதில் எலி முடி இருந்தது. அவர் முன்னால் எதுவும் பேசாமல் என் பின்னால் சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க உயிரோட குடுக்கறீங்க. அது பரவால்ல, பாம்பு பொழைச்சா சரி. ஏன் மறைக்கறீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

"உன் வீட்டுல யாரும் இல்லங்கறதுக்காக என் வீட்டுக்கு வராதே" என்றேன்.

அவள் இடுக்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

அவள் போன பிறகும் தண்ணீர் சேர்ப்பதை நீங்கள் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நிறுத்தினேன், ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில் நோட்டைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க, ஒரே வாக்கியம்: 'வெர்னாவைக் கூப்பிடு.' கஞ்சியோடு போனபோது அவர் இடது கையை நீட்டினார். கரண்டிக்காக. தானே சாப்பிட்டுத் தேறி, மூன்று வீடு நடந்துபோகிற எண்ணம் என்று எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து எதையும் கெட்டியாகக் கரைக்கவில்லை. கஞ்சி, சூப், தேநீர் எல்லாமே தண்ணீராகத்தான். அந்த மாவு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கும், போய்ப் பார்க்கலாம். நானே ஊட்டினேன். ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கெட்டியாகத்தான் என்றேன். எட்டு நாளில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அதையே கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஜூலை பத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துபோனார். வெர்னா உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது உண்மைதான். அவள் சந்தேகப்பட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்மை.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கட்டில் பக்கத்திலேயே வைத்து, கெட்டிலிலிருந்து சூப்பில் தண்ணீர் ஊற்றினேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். திரும்பினால் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிலைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் இயந்திரங்களில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்த மனிதர். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

நான் கரண்டியை நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார்.

வெர்னாவுக்காக அவர் அப்படித் திறந்திருப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.